மேயர் இல்லாத ஊர்: ரியோ பியேத்ராஸ்

2025 கோடையில பேட் பன்னி தன்னோட சொந்தத் தீவுல முப்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை வரிசையா நடத்தினார். உங்கள்ல பல பேர் அந்த ரீல்ஸ் எல்லாம் பார்த்திருப்பீங்க. செய்திகள்ல இடம்னு வரும்போது 'சான் ஹுவான், புவேர்ட்டோ ரிக்கோ'ன்னு போட்டாங்க. அது தப்பில்லை. அந்த அரங்கம் இருக்கிற ஹாத்தோ ரேய் பகுதி இன்னைக்கு சான் ஹுவான் நகராட்சிக்குள்ளதான் இருக்கு. ஆனா 1951-க்கு முன்னாடி அந்த மண் வேற ஒரு ஊரோடது. அந்த ஊருக்குத் தனி மேயர், தனி நகராட்சி, தனி கஜானா எல்லாம் இருந்தது. அதோட பேர் ரியோ பியேத்ராஸ். தமிழ்ல சொன்னா கல்லாறு.

இன்னைக்கு எபிசோட் அந்த ஊரைப் பத்தி. ஒரு பல்கலைக்கழக ஊர். கரீபியன் கடல்ல ஒரு பெரிய நகரம் அதை விழுங்கிடுச்சு. பேர் மட்டும் மிச்சம் இருக்கு. ஒரு ஊரைப் பக்கத்து நகரத்தோட சேர்க்கும்போது அந்த ஊர்க்காரங்க கையை விட்டு எது போகுதுங்கிறதுதான் என் கேள்வி.

முதல்ல ஒரு சின்ன பின்னணி. புவேர்ட்டோ ரிக்கோ கரீபியன்ல இருக்கிற தீவு. நாலு நூற்றாண்டு ஸ்பெயின் கையில இருந்தது. 1898 போர்ல அமெரிக்கா எடுத்துக்கிச்சு. 1917-ல அங்க இருக்கிறவங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தாங்க. ஆனா இன்னைக்கு வரைக்கும் தீவுல இருக்கிறவங்க அமெரிக்க அதிபர் தேர்தல்ல ஓட்டுப் போட முடியாது. இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சான் ஹுவான்னா நமக்கு ஞாபகம் வர்றது கடலோரக் கோட்டை, கலர் கலரா வீடுகள், 'டெஸ்பாசிட்டோ' வீடியோ. அது பழைய சான் ஹுவான். ஒரு குட்டித் தீவுத்திட்டு மேல இருக்கு. அங்கிருந்து கிழக்கே போனா சாந்தூர்சே. அப்புறம் மார்ட்டின் பேனியான்னு ஒரு கால்வாய். அந்தக் கால்வாயைத் தாண்டி தெற்கே போனா, ரியோ பியேத்ராஸ் நகராட்சி.

ரியோ பியேத்ராஸ் 1714-ல உருவான ஊர். கோட்டை நகரத்துல இடநெருக்கடி, புழுக்கம். இங்க மரம், ஆறு, நல்ல காத்து. ஸ்பானிஷ் ஆளுநர்கள் உடம்பு தேற ஓய்வெடுக்க இங்க வருவாங்க. ஊர் நடுவுல இருக்கிற சதுக்கத்துக்கு இன்னைக்கும் 'கொன்வலெசென்சியா'ன்னுதான் பேர். நோய் தேறுற இடம்னு அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியற சமயத்துல சான் ஹுவானுக்குக் குழாய்த் தண்ணி இந்த ஊர் ஆத்துலருந்துதான் போச்சு. ஸ்பானிஷ் காலத்துல கட்டின அந்த நீரேற்று நிலையத்தோட கட்டடங்கள் இன்னும் ஆத்தோரம் நிக்குது. பெரிய நகரத்தோட தாகத்தைத் தீர்த்த ஊருன்னு சொல்லலாம். ரெண்டு ஊருக்கும் நடுவுல ட்ராமும் ஓடிச்சு.

1903-ல இங்க புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகம் வந்தது. ஆரம்பத்துல அது முக்கியமா ஆசிரியர் பயிற்சிக்கான இடம். அமெரிக்க நிர்வாகம் பள்ளிகள்ல இங்கிலீஷைத் திணிக்கணும்னு பார்த்துக்கிட்டிருந்த காலம் அது. தீவு முழுக்க இருந்து பிள்ளைங்க படிக்க வந்தாங்க. அவங்களுக்கு அறை வாடகைக்கு விட்டவங்க, சாப்பாடு போட்டவங்க, புத்தகக் கடை, தையல் கடைன்னு ஊரே பல்கலைக்கழகத்தைச் சுத்தி வளர்ந்தது. 1930-கள்ல ஒரு மணிக்கூண்டு கட்டினாங்க. வெறுமனே 'லா தோர்ரே', கோபுரம்னு சொன்னா தீவுல எல்லாருக்கும் புரியும். அதுக்கு அதிகாரபூர்வமா அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேரு. அந்தப் பேரைச் சொல்றவங்க கம்மி.

சரி, 1951-க்கு வருவோம். சான் ஹுவான் பிதுங்கிக்கிட்டிருந்தது. ரெண்டு ஊருக்கும் நடுவுல இருந்த ஹாத்தோ ரேய் வேகமா வளர்ந்தது. தண்ணி, சாலை, திட்டமிடல் எல்லாத்தையும் ஒரே நிர்வாகமா செஞ்சா நல்லதுன்னு ஒரு வாதம். அது முட்டாள்தனமான வாதமும் இல்லை. அப்போ சான் ஹுவான் மேயர் ஃபெலிசா ரின்கோன். 1946-லருந்து 1968 வரைக்கும் அவங்கதான். பனியே பார்க்காத வெப்பமண்டலக் குழந்தைங்க விளையாடட்டும்னு அமெரிக்காவுலருந்து விமானத்துல பனி கொண்டுவந்து கொட்டினவங்க. அப்படி ஒரு ஆளுமை, அப்படி ஒரு நகரம். ரியோ பியேத்ராஸ் அதுக்குள்ள போச்சு.

இங்க ஒரு கணக்கு சொல்றேன். இன்னைக்கு சான் ஹுவான் நகராட்சியில 18 வட்டாரங்கள் இருக்கு. அதுல 16, பழைய ரியோ பியேத்ராஸ் நகராட்சியோடது. பழைய சான் ஹுவான்லருந்து வந்தது ரெண்டே ரெண்டுதான். நிலப்பரப்பைப் பார்த்தா பெருசு சின்னதோட சேரல, சின்னதுதான் பெருசை எடுத்துக்கிச்சு. பேர் மட்டும் சின்னதோட பேர்.

பேர்ல என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க, பதில் இருக்கு. புவேர்ட்டோ ரிக்கோவுல ஒவ்வொரு நகராட்சியும் அதோட எல்லைக்குள்ள நடக்கிற வியாபாரத்து மேல ஒரு வரி வசூலிக்குது. 'பத்தேந்தே'ன்னு பேர். கடையோ வங்கியோ எவ்வளவு வருமானம் பாக்குதோ அதுல ஒரு பங்கு நகராட்சிக்கு. சொத்து வரியிலயும் பங்கு உண்டு. 1951-க்கு அப்புறம் ஹாத்தோ ரேய்ல வரிசையா வங்கிக் கட்டடங்கள் எழும்பின. அதுக்கு 'தங்க மைல்'னே பேர் வெச்சாங்க. 1968-ல பிளாசா லாஸ் அமேரிக்காஸ்னு ஒரு மால் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அது ஒரு பால் பண்ணை. இன்னைக்கு கரீபியன்லயே பெரிய மால் அதுதான். தங்க மைல், மால், பேட் பன்னி பாடின அரங்கம், இந்த மூணுமே பழைய ரியோ பியேத்ராஸ் நிலத்துலதான் இருக்கு. வரி போறது சான் ஹுவானுக்கு. அங்கிருந்து எந்தத் தெருவுக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றது சான் ஹுவான் நகர மன்றம். ரியோ பியேத்ராஸ்னு தனியா ஒரு பட்ஜெட் கிடையாது.

எனக்கு இதுல ரொம்ப உறுத்துற விஷயம் அந்த மால்தான். ரியோ பியேத்ராஸ் ஊர் மையத்துல தே தியேகோன்னு ஒரு கடைத்தெரு. துணி, செருப்பு, நகை, ரேடியோ, பள்ளிச் சீருடை எல்லாம் அங்கதான். தீவோட உள்பகுதி கிராமங்கள்லருந்து ஷேர் வேன்ல வந்து இறங்குவாங்க. பக்கத்துலயே பெரிய காய்கறிச் சந்தை. கார் வெச்சிருக்கிறவங்க எண்ணிக்கை ஏற ஏற, ஏசி போட்ட, பார்க்கிங் இருக்கிற மாலுக்குக் கூட்டம் நகர்ந்தது. எந்த நகரத்துலயும் நடக்கிற கதைதான். ஆனா இங்க கடைத்தெருவைக் கொன்ன மால் அதே ஊரோட பழைய மண்ணுல நிக்குது. அந்த ஊர் தனியா இருந்திருந்தா மால் கட்டுற வரியையாவது எடுத்துக் கடைத்தெருவுக்குச் செலவு பண்ணியிருக்கலாம். இந்தக் கடைசி வரி என்னோட ஊகம்தான், ஒத்துக்கறேன்.

அப்புறம் கடைத்தெருவை நடக்கிறவங்களுக்கு மட்டும்னு மாத்தினாங்க. 1995-ல ரியோ பியேத்ராஸைச் சீரமைக்கன்னே ஒரு தனிச் சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷம் நடந்ததைக் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

1996 நவம்பர் மாசம். ஊம்பெர்த்தோ விதால்னு ஒரு செருப்புக்கடை. ஆறு மாடிக் கட்டடம், கீழே கடை, மேலே அலுவலகங்கள். சில நாளா கேஸ் வாடை அடிக்குதுன்னு உள்ள வேலை செஞ்சவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. விஷயம் என்னன்னா அந்தக் கட்டடத்துக்கு கேஸ் இணைப்பே கிடையாது. அதனால கேஸா, சாக்கடை வாடையா, என்னன்னு குழப்பம். கேஸ் கம்பெனிக்குச் சொன்னாங்க. ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க. கசிவு கண்டுபிடிக்கப்படல.

புரொப்பேன் காத்தை விட கனமானது. சமையல் சிலிண்டர் கசிஞ்சா தரையோட படியும்னு நம்ம வீட்டுல சொல்வாங்களே, அதே கதைதான். தெருவுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் குழாய், முன்னாடி எப்பவோ நடந்த தோண்டல் வேலையில சேதமாகியிருந்தது. அதுலருந்து கசிஞ்ச கேஸ் மண்ணு வழியா போய் அந்தக் கட்டடத்தோட அடித்தளத்துல சேர்ந்துக்கிட்டே இருந்தது. நவம்பர் 21, காலை எட்டரை மணி வாக்குல வெடிச்சது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஆண்டு இறுதி ஷாப்பிங் சீசன் தொடங்கற நேரம். 33 பேர் இறந்தாங்க. குறைஞ்சது 69 பேருக்குக் காயம். பல நாள் இடிபாட்டுல தேடினாங்க.

அமெரிக்க அரசோட போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரிச்சது. குழாய் வழியா போற கேஸும் அவங்க பொறுப்புல வர்றதால அவங்க. கேஸ் கம்பெனி ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி கொடுக்கல, விதிப்படி வேலை நடக்குதான்னு கண்காணிக்கலன்னு அறிக்கை சொல்லுச்சு. அந்த கேஸ் கம்பெனி யாரோடது தெரியுமா? என்ரான். ஆமாம், அதே என்ரான். அஞ்சு வருஷம் கழிச்சு கணக்கு மோசடியில திவாலான அந்த ஹூஸ்டன் கம்பெனியோட துணை நிறுவனம். ரியோ பியேத்ராஸ்ல ஒரு தெருவுக்கு அடியில ஓடுற குழாய்க்கு முதலாளி டெக்சாஸ்ல, அதைக் கண்காணிக்கிற விதி வாஷிங்டன்ல, தெருவோட பராமரிப்பு சான் ஹுவான் நகராட்சியில.

ஒரு மேயர் இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு நான் சொல்ல வரல. கேஸ் குழாயை எந்த மேயரும் கையில வெச்சிருக்கல. எனக்குத் திரும்பத் திரும்பத் தோணுறது வேற. சில நாளா வாடை அடிக்குதுன்னு சொன்னவங்க எத்தனை வாசல்ல போய் நிக்கணும்? ஒரு சின்ன ஊர்னா தெருமுனையில நகராட்சி. உள்ள போய் மேசையைத் தட்டிக் கேக்கலாம். திட்டலாம். அடுத்த தேர்தல்ல பாத்துக்கறேன்னு மிரட்டலாம். ரியோ பியேத்ராஸ்க்காரங்களுக்கு அந்த மேசை 45 வருஷமா இல்ல.

கடைத்தெரு அதுக்கப்புறம் எழுந்திரிக்கல. அதோட மெட்ரோ ரயில் வேலைக்காகப் பல வருஷம் ஊர் நடுவுல தோண்டிப் போட்டாங்க. அந்த ரயில் 2004 கடைசியில திறந்தது. 'த்ரேன் உர்பானோ'ன்னு பேர். மொத்தம் 16 நிலையம். தரைக்கு அடியில இருக்கிறது ரெண்டுதான்: யூனிவெர்சிதாத், ரியோ பியேத்ராஸ். அழகான நிலையங்கள். ஆனா ரயில் பழைய சான் ஹுவானுக்குப் போகாது, சாந்தூர்சேவோட நின்னுடும். எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்ல.

இப்போ பல்கலைக்கழகத்துக்கு வருவோம். ஊருக்கு மேயர் போனப்புறம் ஊருக்குன்னு ஒரு குரல் இருந்தா அது அங்கதான் இருந்திருக்கணும். இருந்தது. ஆனா அது ஊருக்காகப் பேசுறதை விட முழுத் தீவுக்காகப் பேசுறதுலயே செலவாச்சு. அதைக் குறை சொல்ல முடியுமான்னு தெரியல.

1935 அக்டோபர் 24-ல பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துல போலீஸ் சுட்டதுல தேசியவாதக் கட்சிக்காரங்க நாலு பேர் இறந்தாங்க, வழியில இருந்த ஒருத்தரும் இறந்தார். 1947 டிசம்பர்ல அந்தக் கட்சியோட தலைவர் அல்பீசு காம்போஸ் சிறைவாசம் முடிஞ்சு அமெரிக்காவுலருந்து திரும்பினப்போ மாணவர்கள் கோபுரத்துல புவேர்ட்டோ ரிக்கோ கொடியை ஏத்தினாங்க. சொந்தக் கொடி. அதுக்கு மாணவர்களை வெளியேத்தினாங்க. அவர் வளாகத்துல பேச வர்றதுக்கும் அனுமதி இல்லன்னதும் 1948-ல வேலைநிறுத்தம் வெடிச்சது, பல்கலைக்கழகத்தை மூடினாங்க. அதே வருஷம் வந்த சட்டத்துல அந்தக் கொடியைப் பறக்க விடுறதே குற்றம் ஆச்சு. அந்தச் சட்டத்துக்கு மக்கள் வெச்ச பேர் 'வாய்ப்பூட்டு'.

1970 மார்ச் 4. வியட்நாம் போர் காலம். வளாகத்துல அமெரிக்க ராணுவப் பயிற்சிப் பிரிவு இருக்கக்கூடாதுன்னு போராட்டம். பல்கலைக்கழகம் இருக்கிற போன்சே தெ லெயோன் சாலையில போலீஸ் மாணவர்களைத் துரத்தி அடிச்சது. அன்தோனியா மார்தீனெஸ்னு ஒரு மாணவி, தங்கியிருந்த வீட்டு பால்கனியிலருந்து அதைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. சுடப்பட்டு இறந்தாங்க. யாருக்கும் தண்டனை இல்ல. அடுத்த வருஷம் மார்ச் 11-ல நடந்த மோதல்ல மூணு பேர் செத்தாங்க, ரெண்டு போலீஸ், ஒரு பயிற்சி மாணவர். இப்பவும் மார்ச் 4-ல அன்தோனியா பேரைச் சொல்லிக் கூடுறாங்க.

இந்தப் பக்கம் ரத்தம்னா அந்தப் பக்கம் வேற ஒரு உலகம். ஸ்பெயின்ல சர்வாதிகாரம் வந்தப்போ நாட்டை விட்டு வந்தவங்களுக்கு இந்த வளாகம் புகலிடம். கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ் அவர் மனைவி செனோபியாவோட 1950-களின் தொடக்கத்துல இங்க வந்து சேர்ந்தார். 1956 அக்டோபர் 25-ல நோபல் அறிவிப்பு வந்தது. மூணு நாள்ல செனோபியா இறந்துட்டாங்க. அவர் ஸ்டாக்ஹோம் போகல. பல்கலைக்கழகத் தலைவர் ஹைமே பெனீத்தெஸ்தான் போய் பரிசை வாங்கினார். 1948-ல அல்பீசுவை உள்ள விட மாட்டேன்னு சொன்ன அதே பெனீத்தெஸ். ஒரே மனுஷன். அவங்க ரெண்டு பேரோட புத்தகங்களும் காகிதங்களும் இன்னைக்கும் வளாக நூலகத்துல ஒரு தனி அறையில இருக்கு. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸும் தீவுக்கு வந்தார். 1957-ல அவர் பேர்ல தொடங்கின இசைவிழா நடந்ததும் இந்தப் பல்கலைக்கழக அரங்கத்துலதான்.

இதையெல்லாம் கேட்டா என்ன ஒரு ஊர்னு தோணும். ஆனா வளாகத்தைச் சுத்தி வேலி. வேலிக்கு உள்ள அருங்காட்சியகம், அதுல பிரான்சிஸ்கோ ஒய்யேர் 1893-ல வரைஞ்ச 'எல் வெலோரியோ'ங்கிற பிரம்மாண்டமான ஓவியம். ஒரு செத்த குழந்தையைச் சுத்தி ஊரே குடிச்சுப் பாடிக்கிட்டிருக்கும். ஒரே ஒரு கிழவர் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கிட்டு நிப்பார். நெட்ல தேடிப் பாருங்க, பெரிய திரையில பாருங்க. வேலிக்கு வெளியே சில நிமிஷ நடையில ஷட்டர் இறங்கின கடைகள்.

2010-ல பட்ஜெட் வெட்டை எதிர்த்து மாணவர்கள் ரெண்டு மாசம் வளாகத்தைக் கையில வெச்சிருந்தாங்க. அந்த டிசம்பர்ல போலீஸ் உள்ள வந்தது. ஏறத்தாழ முப்பது வருஷமா நடக்காத விஷயம் அது. 2016-ல தீவோட கடனைச் சமாளிக்கன்னு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிதி வாரியத்தை உக்கார வெச்சது. தீவு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத வாரியம். ஆரம்பத்துல மனசுல வெச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான். பல்கலைக்கழகத்துக்கு அரசு கொடுத்த பணம் சில வருஷத்துல ஏறத்தாழ பாதியாச்சு. 2017-ல மறுபடி நீண்ட வேலைநிறுத்தம், செப்டம்பர்ல மரியா புயல், 2018-ல கட்டணம் ஏறத்தாழ ரெண்டு மடங்கு. 2010-லருந்து 2020-க்குள்ள தீவோட மக்கள்தொகை 37 லட்சத்துலருந்து 33 லட்சத்துக்குக் கீழே வந்துடுச்சு. மாணவர் குறைஞ்சா அறை காலி. அறை காலியானா சாப்பாட்டுக் கடை காலி. 1951-ல வரியை இழந்த ஊர், மிச்சம் நம்பியிருந்த ஒரே வருமானமும் இப்போ தேயுது.

அப்போ ஊர் செத்துடுச்சா? இல்ல. சந்தை ஓடுது. அதை இன்னைக்கு ஓட்டறதுல பெரிய பங்கு பக்கத்து நாடான டொமினிகன் குடியரசுலருந்து வந்தவங்களோடது. ஆபத்தான கடலைப் படகுல தாண்டி வந்தவங்க அதுல பல பேர். காலியான கடைகள்ல சலூன் வெச்சாங்க, சாப்பாட்டுக்கடை வெச்சாங்க. சந்தையில வாழைக்காய், மரவள்ளி, சேனை மாதிரியான கிழங்குகள், மூலிகைக் கட்டுகள். பல்கலைக்கழகத்துல இருக்கிற சில ஆசிரியர்களும் மாணவர்களும் குடியிருக்கிறவங்களோட சேர்ந்து காலிக் கட்டடங்களைக் கணக்கெடுக்கிறது, சுவர் ஓவியம், தோட்டம்னு ஏதோ செஞ்சுக்கிட்டே இருக்காங்க. 1995 சட்டம் சீரமைப்புல ஊர்க்காரங்களுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நகராட்சிக் கதவைத் தட்டறாங்க.

பேரை மட்டும் யாரும் மாத்திக்கல. எழுபது வருஷம் தாண்டியும் அங்க இருக்கிறவங்க கடித முகவரியில ரியோ பியேத்ராஸ்னு எழுதுறாங்க. 'சான் ஹுவான் போறேன்'னா அவங்களுக்குக் கடலோரக் கோட்டைப் பக்கம் போறதுன்னு அர்த்தம்.

இன்னைக்கு இவ்வளவுதான். மேப் திறந்து மார்ட்டின் பேனியா கால்வாயைக் கண்டுபிடிங்க. அங்கிருந்து தெற்கே விரலை நகர்த்திக்கிட்டே போங்க. அரங்கம் வரும், வங்கிகள் வரும், மால் கொஞ்சம் மேற்கே தள்ளி இருக்கும், அப்புறம் கோபுரம். அடுத்த வாரம் பார்ப்போம்.